கடைமடைக்குத் தண்ணி வரல, கஞ்சா வருது

கொரங்காட்டுக்குக் கிளுவை வேலி கட்டறதைப் பத்தி இந்த வாரம் எழுதறதா சொல்லியிருந்தேன். படமெல்லாம்கூட எடுத்து வச்சாச்சு. ஆனா எழுத உட்கார்ந்தா அது வரமாட்டேங்குது. மனசுல வேற ஒண்ணு கெடந்து உறுத்துது. அதை இறக்கி வச்சாத்தான் வேலிக்குப் போக முடியும். இன்னைக்குக் கொஞ்சம் கோவமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்குங்க.

எங்க பூமி பி.ஏ.பி. பாசனத்துல கடைமடை. பட்டணத்துல இருக்கறவங்களுக்காகச் சொல்றேன். பரம்பிக்குளம், ஆழியாறு மலையில பிடிச்ச தண்ணி திருமூர்த்தி அணைக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கால்ல நெடுந்தூரம் ஓடி, நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வச்சு விடுவாங்க. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் வர்றதுக்குள்ள வழியெல்லாம் குழாய் போட்டு உறிஞ்சி, வாய்க்கால் ஓரத்துல கெணறு வெட்டி இழுத்து, எங்களுக்கு வந்து சேர்றது பேருக்குத்தான். இதுக்காக எத்தனையோ தடவை உண்ணாவிரதம் உட்கார்ந்தாச்சு, கோர்ட்டுக்கும் போயாச்சு. சர்க்கார் வெட்டின வாய்க்கால், சர்க்கார் அளந்து விடற தண்ணி. அது கடைமடைக்கு வரமாட்டேங்குது.

ஆனா கஞ்சா வருதுங்க. சொட்டுக்கூட சிந்தாம, முறை தவறாம வருது. ஆந்திரா, ஒடிசா மலையில வெளையற சரக்கு, ரெண்டு மூணு மாநிலத்து செக்போஸ்ட்டு, ரயில்வே போலீஸ், மதுவிலக்கு போலீஸ் எல்லாத்தையும் தாண்டி, எங்க ஊர் தேங்காய்க் களத்து மூலைக்கு வந்து சேர்ந்துடுது. தண்ணிக்கு இல்லாத ஒழுங்கு இதுக்கு எப்படி வந்துச்சுங்க? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடல.

நடந்ததைச் சொல்றேன். யார் பேரும் போடல. ஊர்ல எல்லாரும் சொந்தபந்தம்.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருத்தன். பத்தொம்பது வயசு. பாலிடெக்னிக் ஒரு வருஷம் போயிட்டு நின்னுட்டான். சின்ன வயசுல எங்க கட்டுத்தரையிலயே கெடப்பான், காளைக்கன்னு மூக்கணாங்கயிறைப் பிடிச்சுட்டு நிக்கறதுல அவனுக்கு அத்தனை ஆசை. போன வருஷம் களத்துல பருப்பு காயப்போடற வேலைக்குப் போனான். முதல்ல பொட்டலம். அப்பறம் வலி மாத்திரை. மாத்திரையைச் சாப்பிடறதில்லீங்க, ஊசியில ஏத்திக்கறது. அவங்கம்மா ஒருநாள் சாயங்காலம் ஓடியாந்து, "சின்ன மாமா, பையன் கண்ணு நிலைகுத்தி நிக்குதுங்க"ன்னு அழுதப்போ நான் போய்ப் பார்த்தேன். முழங்கைக்கு உள்பக்கம் புண்ணு புண்ணா இருந்துச்சு. நான் மாட்டுக்கு ஊசி போட்டுப் பழகினவன். மனுசன் கையில அந்த மாதிரிப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில சேர்த்து உசுரு வந்துடுச்சு. சரக்கு எந்தக் கடையில வாங்கினான்னு அவனே சொன்னான். எனக்குத் தெரிஞ்ச கடைதான். வாசல்ல பன்னு, சிகரெட்டு, ரீசார்ஜு. நான் ஒரு ஸ்டேஷனுக்கு போன் பண்ணி விவரம் சொன்னேன். எந்த ஸ்டேஷன்னு எழுதமாட்டேன். பேர் கேட்டாங்க, சொன்னேன். ஊர் கேட்டாங்க, அதையும் சொன்னேன். மத்தியானம் மூணு மணி இருக்கும்.

ராத்திரி எட்டரைக்குக் கடைக்காரன் எனக்குக் கூப்பிடறான். மெரட்டல்லாம் இல்லீங்க. நம்ம கொங்கு மரியாதை மாறல. "ஏனுங் மாமா, சாப்டாச்சுங்களா? உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலையெல்லாம்? தோட்டத்துல தனியா இருக்கறீங்க. ராத்திரியில மோட்டார் போடப் போறீங்க. பார்த்து இருந்துக்குங்க." அவ்வளவுதான். வச்சுட்டான்.

அஞ்சரை மணி நேரம். அதுக்குள்ள என் பேரு அவன் கைக்குப் போயிடுச்சு. நம்ம தாலூகா ஆபீஸ்ல ஒரு சிட்டா நகலுக்கு இதைவிட அதிக நேரம் ஆகும்.

அன்னைக்கு ராத்திரி திண்ணையில உட்கார்ந்து ரோசனை பண்ணினேன். அந்த ஸ்டேஷன்ல என் பேரை வித்தவர் என்ன நெனைச்சிருப்பார்? "பொட்டலம் விக்கற சின்னப்பய, கெடவன் ஒருத்தன் போட்டுக் கொடுக்கறான், சொல்லி வச்சா மாசாமாசம் ஐநூறோ ஆயிரமோ வரும்." இவ்வளவுதான் நெனைச்சிருப்பார். நாட்டை விக்கறோம்னு அவர் நெனைச்சிருக்கவே மாட்டார். ஆனா வித்தது அதைத்தானுங்க. கஞ்சாவை வித்தவன் கடைக்காரன். சர்க்காரோட காதை வித்தவர் இவர். ஒரு தடவை வித்த காது, யார் காசு கொடுத்தாலும் அவங்களுக்குத்தான் கேட்கும்.

"ஒரு பொட்டலத்துக்குப் போய் நாட்டுப் பாதுகாப்புன்னு பெரிய வார்த்தை பேசறீங்களே"ன்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். நாட்டுப் பாதுகாப்புன்னா காஷ்மீரு, பீரங்கி, ஆகாய விமானம்னுதான் நெனைச்சுட்டு இருந்தேன். அதுக்கு ஒரு பழைய கதை பதில் சொல்லுது.

1993 மார்ச் 12. பம்பாயில வரிசையா குண்டு வெடிச்சுது. 257 பேர் செத்தாங்க. அந்த ஆர்.டி.எக்ஸ். வானத்துல இருந்து விழல. அந்த வருஷம் சனவரி, பிப்ரவரியில மகாராஷ்டிரா ராய்காட் கரையில, திகி, ஷேகாடின்னு சின்னச் சின்ன மீனவ ஊர்ல படகுல வந்து இறங்குச்சு. அது தங்கமும் வெள்ளியும் கடத்திப் பழகின வழி. லஞ்சம் வாங்கி வழிவிட்டதுக்காகச் சுங்கத்துறை அதிகாரிங்களும் போலீஸ்காரங்களும் பின்னால தண்டனை வாங்கினாங்க. அவங்கள்ல பலபேர் இதுவும் வழக்கமான சரக்குன்னுதான் நெனைச்சிருப்பாங்க. வேலியில ஆடு நுழையறதுக்கு ஒருத்தன் ஓட்டை போட்டு வச்சா, அந்த ஓட்டை ஆட்டுக்கு மட்டும்னு நரிக்குத் தெரியுமாங்க?

என் பேச்சே இவ்வளவுதான். கடத்தல்ல சரக்கைவிட வழி முக்கியம். வழியைக் காசு கொடுத்து வாங்கிட்டா, அதுல எது வேணும்னாலும் வரும்.

இது அந்தக் காலம்னு தள்ளிடாதீங்க. 2021 மார்ச்சுல, லட்சத்தீவு மினிக்காய் பக்கம் ரவிஹன்சின்னு ஒரு இலங்கைப் படகை நம்ம கடலோரக் காவல் படை மடக்குச்சு. உள்ளே 300 கிலோ ஹெராயின். கூடவே அஞ்சு ஏ.கே.47 துப்பாக்கி, 1,000 தோட்டா. ஒரே படகு, ஒரே மூட்டை. என்.ஐ.ஏ. அந்த வழக்கை எடுத்து, சென்னையில தங்கியிருந்த ஒரு இலங்கைக்காரரைக் கைது பண்ணுச்சு. பொடியும் துப்பாக்கியும் வேற வேற பிரச்சினைன்னு சொல்றவங்க அந்தப் படகை ஒரு தடவை நெனைச்சுப் பார்க்கணும்.

அதே வருஷம் செப்டம்பர்ல குஜராத் முந்த்ரா துறைமுகத்துல ரெண்டு கண்டெய்னர்ல 2,988 கிலோ ஹெராயின். ஆப்கானிஸ்தான்ல இருந்து ஈரான் வழியா வந்த டால்க் கல்லுன்னு காகிதத்துல எழுதியிருந்துச்சு. சரக்கு யார் பேருக்கு வந்துச்சு தெரியுங்களா? விஜயவாடா முகவரியில பதிவு பண்ணின ஒரு சின்னக் கம்பெனி. அது சம்பந்தமா கைதான தம்பதி இருந்தது சென்னையில. அந்தக் காசு லஷ்கர்-இ-தொய்பாவுக்குப் போகுதுன்னு என்.ஐ.ஏ. குற்றம் சாட்டியிருக்குது. எங்கேயோ ஆப்கானிஸ்தான்ல வெளைஞ்சது, எங்கேயோ குஜராத்துல இறங்கினது, அதுக்குக் கையெழுத்து நம்ம பக்கத்துல இருந்து.

இப்ப எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலைக் கொடுத்த விஷயத்துக்கு வர்றேன். 2024 பிப்ரவரியில டெல்லியில 50 கிலோ சூடோஎபெட்ரின் பிடிச்சாங்க. சளி மாத்திரையில போடற மருந்துதான், ஆனா மெத்துங்கற போதைக்கு அதுதான் மூலப்பொருள். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கடத்தினதா மத்திய போதைப்பொருள் தடுப்புத் துறை சொல்லுது. அந்த வழக்குல ஜாபர் சாதிக்குன்னு நம்ம ஊர் சினிமா தயாரிப்பாளர், ஆளுங்கட்சியில பொறுப்புல இருந்தவர், மார்ச்சுல கைதானார். கட்சி அவரை நீக்குச்சு. கோர்ட்டு தீர்ப்புக்கு முன்னால ஒருத்தரைக் குத்தவாளின்னு சொல்ற உரிமை எனக்கில்லை. ஆனா எதுல மறைச்சு அனுப்பினாங்கன்னு அதிகாரிங்க சொன்னாங்க பாருங்க: சத்துமாவும், தேங்காய்ப் பொடியும்.

தேங்காய்ப் பொடி! எங்க காங்கேயம் எதுல பொழைக்குதுன்னு நெனைக்கறீங்க? தேங்காய் உடைக்கற சத்தத்துலதான் எங்களுக்கு விடியுது. பருப்பு, எண்ணெய், பொடி. சுத்துவட்டாரத்துல களமும் மில்லும் இல்லாத ரோடு கெடையாது. அசாம், பீகார்ல இருந்துகூட வேலைக்கு வந்து பொழைக்கறாங்க. நாளைக்கு வெளிநாட்டுத் துறைமுகத்துல "இந்தியாவுல இருந்து தேங்காய்ப் பொடியா, எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டு"ன்னு சொன்னா, கொட்டிப்போகறது யார் பொழப்புங்க? கடத்தினவன் ஒரு பெட்டியிலதான் மறைப்பான். சந்தேகம் எல்லாப் பெட்டி மேலயும் உட்காரும். விவசாயி பேரை அவன் மூட்டைக்கு மேல ஒட்டிட்டுப் போறான்.

இது எதுல போய் முடியும்னு பார்க்கணும்னா ஈக்வடார்னு ஒரு நாட்டைப் பாருங்க. உலகத்துலயே அதிகமா வாழைப்பழம் ஏத்துமதி பண்ற நாடு. கொகெயின் அங்கே வெளையறதில்லை, ரெண்டு பக்கமும் இருக்கற கொலம்பியாவுலயும் பெருவுலயும்தான் வெளையுது. ஆனா இவங்க வாழைப்பழக் கண்டெய்னர்தான் வழி. முதல்ல துறைமுகத்துல காசு. அப்பறம் ஜெயில்ல காசு. அப்பறம் போலீசு, நீதிபதி. பத்து வருஷத்துக்கு முன்னால வரைக்கும் தென் அமெரிக்காவுல அமைதியான நாடுன்னு பேர் எடுத்தது. 2023 ஆகஸ்டுல அதிபர் தேர்தல்ல நின்ன வேட்பாளரையே, கூட்டம் முடிஞ்சு வர்றப்ப சுட்டுட்டாங்க. 2024 சனவரியில துப்பாக்கியோட ஒரு டிவி ஸ்டேஷனுக்குள்ள நுழைஞ்சு, நேரலையில ஊழியருங்களைத் தரையில படுக்க வச்சாங்க. நாட்டுக்குள்ளயே யுத்தம்னு அதிபர் அறிவிச்சாரு. ஒரு வாழைக்காரனுக்கும் ஒரு தென்னைக்காரனுக்கும் நடுவுல எவ்வளவு தூரமுங்க இருக்குது?

இதை நான் டீக்கடையில பேசினப்ப மூணு பதில் வந்துச்சு. உங்க பக்கமும் அதேதான் வரும்னு தெரியும். ஒவ்வொண்ணாச் சொல்றேன்.

முதல் பதில்: "கஞ்சா மூலிகைதானே, சாமியாருங்க குடிக்கலையா, கனடாவுல சட்டமே ஆக்கிட்டாங்க." சரிங்க. இலையைப் பத்தி நான் சண்டைக்கு வரல. எங்க பாட்டன் காலத்துல நாட்டு மாட்டு வைத்தியத்துலகூட அது இருந்ததாச் சொல்வாங்க. கனடா 2018ல சட்டமாக்குச்சு, உண்மைதான். அது சரியா தப்பான்னு பெரியவங்க பார்லிமெண்டுல பேசி முடிவு பண்ணட்டும். ஆனா இன்னைக்கு நீங்க வாரக்கடைசியில வாங்கற பொட்டலம் கனடா கடையில இருந்து வரல. என் பேரை வித்த வழியில வருது. அதே ஆள்தான் அடுத்த மாசம் மாத்திரை கொண்டு வர்றான், அதுக்கடுத்து மெத்து. நீங்க கொடுக்கற ஐநூறு ரூபாயில ஒரு பங்கு எங்க ஊர் ஸ்டேஷன் வாடகை. அதை ஒத்துக்கிட்டு அப்பறம் மூலிகைன்னு பேசுங்க.

ரெண்டாவது பதில்: "எல்லாம் இந்த வடக்கத்திக்காரங்க கொண்டு வந்தது." இதைக் கேட்டாத்தான் எனக்கு அதிகமாக் கோவம் வருது. அந்தக் கடைக்காரன் எங்க ஊர்க்காரன். எனக்கு மாமா முறை சொல்றவன். பையன் எங்க பையன். போன் போட்டுக் கொடுத்தவர் நம்ம தமிழ்தான் பேசறார். ரயில்ல மூட்டை தூக்கிட்டு வர்றவன்ல வெளியூர்க்காரன் இருப்பான், இல்லைன்னு சொல்லல. ஆனா வாங்கறவன் இல்லாம விக்கறவன் எங்கேயும் கடை போடறதில்லை. பன்னெண்டு மணி நேரம் களத்துல நிக்கற அசாம்காரப் பையனும் எங்க பையன் மாதிரி ஏமாந்தவன்தான். அவனை அடிச்சுட்டு நம்ம கை சுத்தம்னு நெனைச்சுக்கறது, மாடு மேய்ஞ்சதுக்கு ஆட்டை அடிக்கற கதை.

வெளைய வைக்கறவன் பக்கமும் ஒண்ணு சொல்லணும். 2021ல ஆந்திர போலீஸ் ஆபரேஷன் பரிவர்த்தனான்னு விசாகப்பட்டணம் மலையில ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாவை வெட்டி எறிஞ்சாங்க. 2022 பிப்ரவரியில அனகாபள்ளி பக்கம் ரெண்டு லட்சம் கிலோவைக் குவிச்சு எரிச்சாங்க. அதுக்கப்பறமும் எங்க ஊருக்கு வரத்து நிக்கல. அந்த மலையில பாடுபடற பழங்குடி விவசாயியும் நம்மள மாதிரிதான். மஞ்சளுக்கும் காபிக்கும் ஞாயமான வெலை கெடைச்சா எவன் ஜெயிலைப் பயிர் பண்ணுவான்? முன்பணம் கொடுத்து வெதைக்கச் சொல்றவன் எரிச்ச எடத்துல இல்லவே இல்லை.

மூணாவது பதில்: "அதான் அரசாங்கமே டாஸ்மாக் நடத்துதே." நியாயமான கேள்வி. 2024 சூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயத்துல 60 பேருக்கு மேல செத்தாங்க. சாராயத்துக்கு நான் வக்காலத்து வாங்கல. எங்க குடும்பத்துலயே ரெண்டு பேர் அதுல போயிட்டாங்க. ஆனா கள்ளக்குறிச்சியும் என் பேச்சைத்தான் சொல்லுது. கள்ளச்சாராயம் காய்ச்சறது யாருக்கும் தெரியாமலா இருந்துச்சு? அங்கேயும் காது வித்துத்தான் இருந்திருக்கும். ஒரு வீட்டுல ஒரு ஓட்டை இருக்குதுன்னு இன்னொரு ஓட்டையை அடைக்க வேண்டாம்னு சொல்லுவீங்களா?

அப்பறம் கட்சிக்காரங்க. எதிர்க்கட்சியா இருக்கறப்ப கஞ்சா தெருவெல்லாம் கெடக்குது, ஆளுங்கட்சியானா பேப்பர்ல மட்டும் கெடக்குது. எந்தக் கொடியா இருந்தாலும் இதே பாட்டுதான். 2021 டிசம்பர்ல இருந்து கஞ்சா வேட்டைன்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு நடத்தினாங்க. பிடிச்சதெல்லாம் பெரும்பாலும் யாருங்க? கையில நூறு கிராம், இருநூறு கிராம் வச்சிருந்த பையனுங்க. 1985ல போட்ட என்.டி.பி.எஸ். சட்டப்படி ஒரு கிலோ வரைக்கும் சின்ன அளவு, இருபது கிலோவுல இருந்து வியாபார அளவு, அதுக்குப் பத்து வருஷத்துக்குக் கொறையாத தண்டனை. பெரிய ஆள் எவனும் சரக்கைத் தொடறதே இல்லையே, அவனை எந்தத் தராசுல வைக்கறது? அதுக்கும் அதே சட்டத்துல வழி இருக்குது. கடத்தல் காசுல வாங்கின வீடு, காடு, வண்டியைப் பறிமுதல் பண்ணலாம். பையனைப் பிடிச்சு போட்டோ எடுக்கறதுல பாதி அக்கறையை அந்தக் காசைத் தேடறதுல காட்டுனா எங்க ஊர்ல ஒரு வாரத்துல தெரிஞ்சிரும், யார் திடீர்னு மாடி வீடு கட்டினதுன்னு.

எனக்கு வேணுங்கறது மூணுதான்.

ஒண்ணு, சொல்றவன் பேரு வெளியே போகக் கூடாது. போனா, போனவழியைக் கண்டுபிடிச்சு அவருக்கு வேலை போகணும். இடமாத்தம் இல்லீங்க, வேலை போகணும். உள்ளூர் ஸ்டேஷனுக்குச் சொல்லப் பயமா இருந்தா 1933ன்னு மத்திய போதைப்பொருள் தடுப்புத் துறை நம்பர் இருக்குது, நம்ம மாநிலத்துல 10581 இருக்குது. எனக்கு அன்னைக்கு இது தெரியல. நீங்க தெரிஞ்சு வச்சுக்குங்க.

ரெண்டு, மாட்டிக்கிட்ட பையனை மனுசனாப் பார்க்கணும். தானா வைத்தியத்துக்கு வர்றவன் மேல, சின்ன அளவு வச்சிருந்ததுக்காகவும் குடிச்சதுக்காகவும் வழக்கு நடத்த வேண்டாம்னு அதே சட்டத்துல 64ஏ பிரிவு சொல்லுது. இது எத்தனை தாய்மாருக்குத் தெரியும்? மானம் போயிடும்னு ரூமுக்குள்ள பூட்டி வச்சுப் பையனைச் சாகக் கொடுக்கறாங்க. 14446க்குக் கூப்பிட்டா எங்கே வைத்தியம்னு சொல்றாங்க, காசு கெடையாது.

மூணாவது உங்களுக்கு. கோயமுத்தூர், சென்னை, பெங்களூர்ல உட்கார்ந்து என்னோட காளை படத்துக்கு லைக் போடறீங்க. சந்தோசம். உங்க ஆபீஸ் பார்ட்டியில ஒருத்தர் சும்மா ஜாலிக்குன்னு நீட்டறப்ப, அந்தக் காசு எந்த ஊர் ஸ்டேஷன் வழியா நடந்து வந்துச்சுன்னு ஒரு நிமிசம் நெனைச்சுப் பாருங்க. கிராமத்தைக் காப்பாத்துங்கன்னு நாட்டு விதை வாங்கறீங்க, செக்கு எண்ணெய் வாங்கறீங்க. அதோட இதையும் வாங்காம இருங்க.

பையன் இப்பத் தேவலை. வாரம் ஒருக்கா அவங்கம்மா பஸ்ஸுல வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போகுது. நேத்துக் கட்டுத்தரைக்கு வந்தான். கையை முழுக்கைச் சட்டையில மறைச்சுட்டு, கன்னுக்குட்டி நெத்தியைத் தடவிட்டு நின்னான். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

வர்ற கிராம சபையில இந்தக் கடையைப் பத்தித் தீர்மானம் கொண்டு வரப்போறேன். கூட்டத்துல சொன்னா அது ரகசியம் இல்லை பாருங்க, விக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. வீட்டுல அம்மிணி வேண்டாங்குது. "பொண்ணு கல்யாணம் வச்சிருக்கறப்ப எதுக்குங்க வம்பு"ன்னு ரெண்டு நாளா மொகத்தைத் தூக்கி வச்சுட்டு இருக்குது. அதுக்குப் பயம் இருக்குது, எனக்கும் இருக்குதுங்க. இப்பவும் ராத்திரி மோட்டார் போடப் போறப்ப டார்ச்சை ரெண்டு தடவை சுத்திக் காட்டிட்டுத்தான் போறேன். சொந்தத் தோட்டத்துல இப்படிப் போக வேண்டி வந்துட்டா, அப்பறம் எல்லையில எத்தனை பேர் காவல் நின்னு என்னங்க?

தீர்மானம் என்ன ஆச்சுன்னு எழுதறேன். வேலி கட்டற பதிவு அடுத்த வாரம்.